இவான் டெமிடோவ்: 58 லட்சம் டாலர் லாட்டரியா, தொழிலா?

3 பிப்ரவரி 2025, இரவு 9.12 (கேள்வி)

பணம் கட்டி ஆடும் சீட்டாட்டமான போக்கரில், 2008 உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியில் இரண்டாவதாக வந்த ரஷ்யர் இவான் டெமிடோவ். பரிசு 58,09,595 டாலர். அந்த அளவுக்கு அவர் அதற்கு முன்னும் வென்றதில்லை, பின்னும் வென்றதில்லை. ஒரே ஒரு நாள் கொட்டிய மழையை வைத்து ஒருவரைத் தொழில்முறை ஆட்டக்காரர் என்று சொல்லலாமா? விவரம் தெரிந்த அண்ணன்மார் சொல்லுங்கள்.

4 பிப்ரவரி, காலை 6.50

மழை ஒரு நாளோடு நிற்கவில்லை, தம்பி. தேதி வரிசையைப் பாருங்கள்.

2008 ஜூலை நடுவில் லாஸ் வேகஸ் ரியோ ஓட்டலில் 6,844 பேரிலிருந்து ஒன்பது பேர் மிஞ்சினார்கள். டெமிடோவ் 2,44,00,000 சிப்ஸோடு (பணத்துக்குப் பதிலாக மேசையில் வைத்து ஆடும் வில்லைகள்) இரண்டாம் இடத்தில் இருந்தார். இறுதி மேசையை, அதாவது இந்தக் கடைசி ஒன்பது பேர் ஆட்டத்தை, நவம்பருக்குத் தள்ளி வைக்கும் வழக்கம் அந்த ஆண்டுதான் தொடங்கியது. ஒன்பதாம் இடத்துப் பரிசான 9,00,670 டாலரை ஒன்பது பேருக்கும் ஜூலையிலேயே கொடுத்துவிட்டு, மீதிக்கு நவம்பரில் ஆடச் சொன்னார்கள். அந்த இடைவெளியில் அவர் லண்டன் போய் உலகப் போக்கர் தொடரின் ஐரோப்பிய முதன்மைப் போட்டியில் 362 பேரில் மூன்றாவதாக வந்தார். ஜான் ஜுவாண்டா முதலிடம், இன்னொரு ரஷ்யரான ஸ்தனிஸ்லாவ் அலேகின் இரண்டாமிடம். அதன் பிறகுதான் நவம்பரில் டென்மார்க்கின் பீட்டர் ஈஸ்ட்கேட்டிடம் தோற்றார். ஒரே ஆண்டில் இரண்டு முதன்மைப் போட்டிகளிலும் இறுதி மேசையில் உட்கார்ந்த முதல் ஆள் டெமிடோவ்.

கணக்குப் போடலாம். சராசரி ஆள் 6,844 பேரில் கடைசி ஒன்பதுக்குள் வர வாய்ப்பு 760இல் ஒன்று. 362 பேரில் கடைசி ஒன்பதுக்குள் வர 40இல் ஒன்று. இரண்டும் சேர்ந்து அமைய 30 ஆயிரத்தில் ஒன்று. இதை வெறும் மழை என்று தள்ள முடியாது.

4 பிப்ரவரி, காலை 7.25

ஒன்று விட்டுப்போனது. அந்த ஆண்டை ரஷ்யப் பக்கமிருந்து பார்க்க வேண்டும். ஜனவரியில் அலெக்ஸாண்டர் கோஸ்திரித்சின் மெல்போர்னில் ஆஸி மில்லியன்ஸ் போட்டியை வென்றார், எதிரில் எரிக் சைடல். கோடையில் விதாலி லுன்கின் வேகஸில் தங்கக் கைச்சங்கிலி வாங்கினார், உலகப் போக்கர் தொடரில் ஒரு போட்டியை வென்றவருக்குத் தருவது அது. அடுத்த ஆண்டு 40,000 டாலர் கட்டண ஆட்டத்தில் இரண்டாவது சங்கிலியும் அவருக்கே. 2007இல் அலெக்ஸ் கிராவ்சென்கோ முதன்மைப் போட்டியில் நான்காமிடம், ஒமாஹா என்ற போக்கர் வகையில் சங்கிலி. 2003இலேயே கிரில் கெராசிமோவ் வேர்ல்ட் போக்கர் டூர் சாம்பியன்ஷிப்பில் இரண்டாமிடம். டெமிடோவ் இந்த வரிசையில் வந்தவர். ஆட ஆள் இருந்தார்கள், மாஸ்கோவில் மேசையும் இருந்தது. அந்த மேசை என்ன ஆனது என்பது தனிக் கதை, பிறகு எழுதுகிறேன்.

4 பிப்ரவரி, இரவு 10.40

பரிசுத் தொகையைச் சம்பளம் மாதிரி எடுத்துக்கொள்வதுதான் பெரிய குழப்பம்.

முதன்மைப் போட்டிக்கு நுழைவுக் கட்டணம் 10,000 டாலர். அதில் 600 நடத்துகிறவர்களுக்கு. மீதி 9,400ஐ 6,844ஆல் பெருக்கினால் 6,43,33,600. பரிசுக் குடம் இதுதான், வெளியிலிருந்து ஒரு பைசா சேராது. இது 666 பேருக்குப் பிரிந்தது. ஆக, நூறில் தொண்ணூறு பேர் வெறுங்கையோடு வெளியே போவார்கள். திறமையான ஆள் நூற்றுக்குப் பதினைந்து தடவை பரிசு வட்டத்துக்குள் வருகிறார் என்று வையுங்கள், அது நல்ல விகிதம். அவரே ஆண்டுக்குப் பத்துப் பெரிய போட்டி ஆடினால், பத்திலும் ஒன்றுமே கிடைக்காமல் போக வாய்ப்பு 0.85இன் பத்தாம் அடுக்கு, ஏறத்தாழ ஐந்தில் ஒன்று. தப்பே செய்யாமல் ஒரு முழு ஆண்டு காலியாகலாம்.

அதனால் பெரிய கூட்டப் போட்டி ஆடுகிறவர் குறைந்தது நூறு கட்டணமாவது கையில் இருப்பாக வைத்திருக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலில் பழகிய வழக்கு. 10,000 டாலர் ஆட்டத்துக்கு அது பத்து லட்சம். அவ்வளவு வைத்திருப்பவர் மிகக் குறைவு. மற்றவர்கள் செய்வது பங்கு விற்பனை, அதாவது வரப்போகும் பரிசில் ஒரு பங்கை முன்கூட்டியே விற்பது.

இப்படி: 10,000 டாலர் ஆட்டத்தில் 60 சதவீதத்தை 1.2 மடங்கு விலையில் விற்கிறார். அதாவது 6,000 மதிப்புள்ள பங்குக்கு 7,200 வாங்குகிறார். சொந்தப் பணம் 2,800 போட்டு 40 சதவீதத்தை வைத்துக்கொள்கிறார். மேலே கிடைக்கும் 1,200 அவருடைய திறமைக்கு வாங்குகிறவர் கொடுக்கும் விலை. தன் திறமை எவ்வளவு என்று தெரியாமல் 1.5க்கு விற்றால் அடுத்த முறை வாங்க ஆள் வராது.

இன்னொரு வகை, முழுச் செலவையும் ஒரு முதலாளி ஏற்பது. லாபம் பாதிப் பாதி. ஆனால் நஷ்டம் கூடிக்கொண்டே போகும் ஒரு பேரேடு உண்டு, அதை மேக்கப் என்பார்கள். 80,000 டாலர் நஷ்டத்தில் இருக்கும்போது ஒரு போட்டியில் 2,00,000 லாபம் வந்தால், முதல் 80,000 முதலாளிக்கு. மிச்சமிருக்கும் 1,20,000தான் பிரியும், ஆளுக்கு 60,000. இணையத்து வெற்றிப் பட்டியலில் இந்த ஆட்டக்காரர் பெயருக்கு நேரே கட்டணமும் சேர்த்து முழுப் பரிசும் நிற்கும். அவர் வீட்டுக்கு எடுத்துப்போனது 60,000, அதற்கும் வரி உண்டு.

5 பிப்ரவரி, காலை 6.15

நேற்றுக் காலை எழுதிய 30 ஆயிரத்தில் ஒன்று என்ற கணக்கைத் திருத்த வேண்டும். பெருக்கல் சரி, கேள்வி தவறு. டெமிடோவை நாம் பேசுவதே அவர் ஜூலையில் ஒன்பதில் ஒருவராக வந்ததால்தான். அப்படியென்றால் 760இல் ஒன்று என்ற பகுதி ஏற்கெனவே நடந்து முடிந்தது, அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. கேட்க வேண்டியது, ஒன்பது பேரில் யாராவது ஒருவர் லண்டனிலும் இறுதி மேசைக்கு வர வாய்ப்பு என்ன என்பது. ஒன்பது பேரும் போய் ஆடியிருந்தால், அனைவருமே சராசரி ஆட்களாக இருந்தாலும், அது ஐந்தில் ஒன்று. அவ்வளவு அபூர்வம் இல்லை.

ஆக, இரண்டு முடிவுகளை வைத்துத் திறமையை நிரூபிக்க முடியாது. என் வாதத்தின் அந்தத் தூணை நானே எடுத்துவிடுகிறேன். ஆட்டத்தின் உள்ளே போய் ஒவ்வொரு முடிவாகப் பார்ப்பதுதான் வழி. லண்டன் இறுதி மேசை 484 கைகள் (சீட்டுப் போட்டு ஆடும் சுற்றுகள்) ஓடியது, உலகப் போக்கர் தொடரில் அதுவரை அவ்வளவு நீண்டது இல்லை. அவ்வளவு நேரம் ஜுவாண்டா, டேனியல் நெக்ரேனு போன்றவர்கள் உட்கார்ந்த மேசையில் மூன்று பேராகக் குறையும்வரை நிற்பதில் நூற்றுக்கணக்கான முடிவுகள் இருக்கின்றன. அவற்றைப் படிப்பதில்தான் பயன்.

5 பிப்ரவரி, மதியம் 1.30

கேள்வி கேட்ட தம்பி கடைசிக் கையை விளக்கச் சொன்னார்.

டெமிடோவ் கையில் 4 ஆட்டின், 2 ஆட்டின். ஈஸ்ட்கேட் கையில் ஏஸ் டைமன், 5 ஸ்பேட். மேசையில் இருவருக்கும் பொதுவாக விழுந்த முதல் மூன்று சீட்டு: 2 டைமன், ராஜா ஆட்டின், 3 ஆட்டின். இந்த நேரத்தில் டெமிடோவ் முன்னால் இருக்கிறார். அவரிடம் ஒரு ஜோடி 2, கூடவே நாலு ஆட்டின். இன்னொரு ஆட்டின் வந்தால் ஃப்ளஷ் (ஒரே சின்னத்தில் ஐந்து சீட்டு). ஈஸ்ட்கேட்டிடம் ஏஸைத் தவிர ஒன்றுமில்லை, ஒரு 4 விழுந்தால் ஏஸ்-2-3-4-5 வரிசை அமையும்.

நாலாவது சீட்டு 4 கிளாவர். இந்த ஒரு சீட்டு இரண்டு பேருக்குமே நல்ல சீட்டு, சிக்கலே அங்கேதான். டெமிடோவுக்கு ஜோடி இரண்டாகிவிட்டது. ஈஸ்ட்கேட்டுக்கு வரிசை முடிந்துவிட்டது. இரண்டு ஜோடியும் ஃப்ளஷ் வாய்ப்பும் வைத்துக்கொண்டு, இரண்டு பேர் மட்டும் ஆடும் இடத்தில் யாரும் சீட்டைக் கீழே போட மாட்டார்கள். எதிராளியிடம் ஏஸ்-5 அல்லது 6-5 மாதிரி குறிப்பிட்ட சில கைகள் இருந்தால்தான் அவர் பின்னால்.

அந்த இடத்தில் அவரைக் காப்பாற்றக்கூடிய சீட்டு ஒன்பது, மீதமுள்ள ஆட்டின் அனைத்தும். ஐந்தாவது சீட்டு 7 ஸ்பேட். ஈஸ்ட்கேட்டுக்கு 91,52,416, டெமிடோவுக்கு 58,09,595. முதலுக்கும் இரண்டுக்கும் இடைவெளி 33,42,821 டாலர்.

5 பிப்ரவரி, மதியம் 1.55

ஒன்பது இல்லை, பதின்மூன்று. மிச்சமிருந்த இரண்டு 4, இரண்டு 2 வந்தாலும் டெமிடோவுக்கு ஃபுல் ஹவுஸ் (ஒரே எண்ணில் மூன்று, கூடவே ஒரு ஜோடி), அது வரிசையை வெல்லும். அந்த நாலில் ஒன்றும் ஆட்டின் கிடையாது, ஆகவே இரட்டை எண்ணிக்கை இல்லை. தெரியாத சீட்டு 44, காப்பாற்றுவது 13. நூற்றுக்கு இருபத்தொன்பதரை. உயிர் நன்றாகவே இருந்த கை.

6 பிப்ரவரி, இரவு 8.05

"ரஷ்யர்கள் பயந்து சீட்டைப் போட மாட்டார்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அதற்கு நேர் எதிரான கை ஒன்று பதிவில் இருக்கிறது. 2012, பத்து லட்சம் டாலர் கட்டணத்தில் 48 பேர் ஆடிய பிக் ஒன் ஃபார் ஒன் டிராப். மிகாயில் ஸ்மிர்னோவ், தொழிலதிபர், கையில் இரண்டு 8. மேசையில் பொதுச் சீட்டுகளாக ஜாக் ஸ்பேட், 8 கிளாவர், 7 ஸ்பேட், 8 ஸ்பேட், ராஜா ஸ்பேட். அவரிடம் நாலு 8. எதிராளி ஜான் மோர்கன் முழுச் சிப்ஸையும் தள்ளினார். ஸ்மிர்னோவ் நெடுநேரம் யோசித்து, கையிலிருந்த இரண்டு 8ஐயும் எல்லோரும் பார்க்க மல்லாத்திப் போட்டுவிட்டு விலகினார்.

எண்ணிப் பாருங்கள். நாலு 8ஐ வெல்லும் கை ஒன்றே ஒன்று: 10 ஸ்பேடும் 9 ஸ்பேடும் சேர்ந்து (7 முதல் ஜாக் வரை ஸ்பேடிலேயே வரிசை), ஒரே ஒரு சேர்க்கை. தோற்கும் ஃபுல் ஹவுஸ்கள்: இரண்டு ஜாக் மூன்று வகை, இரண்டு ராஜா மூன்று வகை, இரண்டு 7 மூன்று வகை. ஒன்பதுக்கு ஒன்று. ஏஸ் ஸ்பேடை வைத்து, அதாவது ஃப்ளஷோடு, தள்ளுகிறவர்களைச் சேர்த்தால் இன்னும் கூடும். எதிராளி ஃபுல் ஹவுஸோடு தள்ளவே மாட்டார் என்று உறுதியாக நம்பினால் மட்டும் விலகுவது நியாயம். பழகிய ஆட்டக்காரர் முதலில் சேர்க்கைகளை எண்ணுவார், அதன் பிறகுதான் எதிராளி முகத்தைப் பார்ப்பார். ஸ்மிர்னோவ் அந்த வரிசையை மாற்றினார் என்பது என் கருத்து.

7 பிப்ரவரி, காலை 7.00

மாஸ்கோ மேசை.

2006 டிசம்பர் 29 தேதியிட்ட 244ஆம் கூட்டாட்சிச் சட்டம் சூதாட்டத்தை நாலு மண்டலங்களுக்குள் அடைத்தது: கலினின்கிராத், அல்தாய், தூரக்கிழக்கில் பிரிமோரியே, அசோவ் கடலோரத்தில் கிராஸ்னதாரும் ரஸ்தோவும் சேரும் பகுதி. 2009 ஜூலை 1 முதல் மற்ற இடங்களில் சூதாட்ட விடுதிகள் மூட வேண்டும். போக்கருக்கு மட்டும் ஒரு பின்வாசல் இருந்தது. 2007இல் அதை விளையாட்டாக அங்கீகரித்திருந்தார்கள், விளையாட்டு என்ற பெயரில் மன்றங்கள் நடந்தன. 2009 ஜூலையில் அந்த அங்கீகாரமும் போயிற்று. அந்த ஆகஸ்டில் மாஸ்கோவில் நடக்க இருந்த ஐரோப்பிய போக்கர் டூர் போட்டியை அவசர அவசரமாகக் கீவுக்கு மாற்றினார்கள். வென்றவர் ரஷ்யரான மக்சிம் லீகவ். சொந்த ஊரில் வென்றிருக்க வேண்டிய கோப்பை.

இதனால் தொழில் சாகவில்லை, முகவரி மாறியது. சட்டம் நடத்துகிறவரைத் தண்டிக்கிறது, ஆடுகிறவரை இல்லை. ஆகவே வீட்டிலிருந்து இணையத்திலும், பயணம் போய் மின்ஸ்க், பிராகா, பார்சலோனா, வேகஸிலும் ஆடினார்கள். பயணச் செலவு கூடியது, பங்கு விற்பது இன்னும் அவசியமானது. 2017இல் சோச்சி மலைப்பகுதியில் விடுதி திறந்த பிறகுதான் பெரிய சர்வதேசப் போட்டிகள் ரஷ்யாவுக்குத் திரும்பின.

7 பிப்ரவரி, இரவு 9.30

வரி பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள்.

அமெரிக்காவில் வெளிநாட்டவர் போக்கர் போட்டியில் ஜெயித்தால், விடுதியே 30 சதவீதம் பிடித்துக்கொண்டுதான் மீதியைத் தரும். இதற்கு முன் தோற்ற கட்டணங்களைக் கழிக்கப் பெரும்பாலான வெளிநாட்டவருக்கு வழியில்லை. டெமிடோவ் தொகைக்கு அது 17,42,878 டாலர். ஆனால் ரஷ்யாவுக்கும் அமெரிக்காவுக்கும் இரட்டை வரி ஒப்பந்தம் இருந்தது. அதன்படி ரஷ்யாவில் வரி கட்டும் குடியிருப்பாளருக்கு அமெரிக்காவில் பிடித்தம் இல்லை, ஊருக்குப் போய் 13 சதவீதம் கட்டினால் போதும். இந்தியாவுக்கு இந்தச் சலுகை இல்லை, நம்மவர் வேகஸில் ஜெயித்தால் 30 சதவீதம் அங்கேயே போய்விடும்.

சலுகை தானாக வராது. ஐடிஐஎன் என்ற அமெரிக்க வரி எண் வேண்டும். அதற்கு டபிள்யூ-7 படிவம், சலுகை கோர டபிள்யூ-8பென் படிவம். எண் இல்லையென்றால் காசாளர் 30 சதவீதத்தைப் பிடித்துவிடுவார், பிறகு 1040-என்ஆர் கணக்குத் தாக்கல் செய்து திரும்ப வாங்க வேண்டும். அடிக்கடி சறுக்குவது பெயர் எழுத்துக்கூட்டலில். ரஷ்யக் கடவுச்சீட்டில் லத்தீன் எழுத்துக்கு மாற்றும் விதி இடையில் மாறியது. பழைய கடவுச்சீட்டில் ஒரு மாதிரி, புதியதில் வேறு மாதிரி வரும். வரி எண் பழைய பெயரில், நுழைவு புதிய பெயரில் என்றால் ஆள் ஒருவரே என்று காட்டக் காகிதம் சேர்க்க வேண்டும்.

ஊரில் 3-என்டிஎஃப்எல் என்ற கணக்கை அடுத்த ஆண்டு ஏப்ரல் 30க்குள் தாக்கல் செய்ய வேண்டும், பணம் கட்ட ஜூலை 15 வரை நேரம். டாலர் வருமானத்தைக் கையில் வாங்கிய நாளின் மத்திய வங்கி விலையில் ரூபிளாக்க வேண்டும். 2008இல் இது பெரிய விஷயம். ஜூலையில் டாலர் 23 ரூபிள் சொச்சம், நவம்பரில் 27 அளவில், அடுத்த பிப்ரவரியில் 36ஐத் தொட்டது. வரி ரூபிளில் உறைந்துவிடும், டாலரை அப்படியே வைத்திருந்தவருக்குக் கட்ட வேண்டிய டாலர் குறைந்தது.

8 பிப்ரவரி, காலை 6.20

நேற்று எழுதிய வரி விவரம் டெமிடோவ் காலத்துக்கு. இன்று ஒரு ரஷ்யர் அதை நம்பிப் போனால் ஏமாந்துபோவார். ரஷ்யா 2023 ஆகஸ்டில் ஒப்பந்தத்தின் முக்கியப் பகுதிகளை நிறுத்தியது, அமெரிக்கா 2024 ஆகஸ்ட் 16 முதல் நிறுத்தியது. இப்போது பிடித்தம் 30 சதவீதம்தான். ஊரிலும் பழைய ஒற்றை 13 இல்லை, 2025 முதல் வருமான வரி 13இல் தொடங்கி 22 வரை படிப்படியாக ஏறுகிறது.

போய்ச் சேருவதே பாடு. மாஸ்கோ அமெரிக்கத் தூதரகம் 2021இல் சுற்றுலா விசா வேலையை நிறுத்தியதிலிருந்து மூன்றாவது நாடு போய் விண்ணப்பிக்க வேண்டும். 2022 மார்ச்சில் போக்கர்ஸ்டார்ஸ் என்ற இணையப் போக்கர் தளம் ரஷ்யாவில் சேவையை நிறுத்தியது, விசா, மாஸ்டர்கார்டு என்ற வங்கி அட்டை நிறுவனங்களும் அதே மாதம் விலகின. ரஷ்ய வங்கி அட்டையால் பெரும்பாலான நாடுகளில் ஓட்டல் அறைக்குக்கூடப் பணம் கட்ட முடியாது. திறமை அதேதான், அதை ஆடும் இடத்துக்குக் கொண்டுசேர்க்கும் செலவு பல மடங்காகிவிட்டது. இது எனக்கு உண்மையிலேயே வருத்தமான விஷயம்.

8 பிப்ரவரி, இரவு 7.45 (கேள்வி)

அண்ணே, நீங்கள் சொன்ன 40 சதவீதப் பங்கையும் 13 சதவீத வரியையும் வைத்துக் கணக்குப் போட்டேன். 58,09,595இல் 40 சதவீதம் 23,23,838. வரி போக 20,21,739. ஒரு ஆட்டக்காரர் கையில் நிற்பது இதுதானே?

8 பிப்ரவரி, இரவு 9.10

பங்கு ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தால் மட்டும். இது டெமிடோவ் செய்த ஏற்பாடு இல்லை, உதாரணம்தான், ரூபிள் மாற்றத்தையும் விட்டுவிடுவோம்.

பரிசு முழுவதும் ஆட்டக்காரர் பெயரில் வருகிறது, வரித்துறை முழுத் தொகைக்கும் அவரிடமே கேட்கும்: 7,55,247 டாலர். பங்குதாரர்களுக்கு 60 சதவீதத்தை வரிக்கு முந்தைய தொகையிலிருந்து கொடுத்துவிட்டால் அவரிடம் மிஞ்சுவது 23,23,838. அதிலிருந்து முழு வரியையும் அவரே கட்டினால் கையில் நிற்பது 15,68,591. நீங்கள் போட்ட கணக்கு வர வேண்டுமென்றால், வரி போன பிறகே பங்கு பிரியும் என்று ஆட்டம் தொடங்கும் முன் எழுதி வாங்கியிருக்க வேண்டும். அந்த ஒரு வரியின் விலை 4,53,148 டாலர். பங்கு விற்கிற புதியவர்கள் பெரும்பாலும் சதவீதத்தையும் விலையையும் மட்டும் குறுஞ்செய்தியில் எழுதிவிட்டு மேசையில் உட்கார்ந்துவிடுகிறார்கள்.